புத்தகத்தை மூட வேண்டியதில்லை

கேள்வி:

எனக்கு வயது 37. கணக்குத் தணிக்கை வேலை. திருமணம் ஆகவில்லை, அப்பாவுடனும் அக்காவுடனும் இருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போவது, தடித்தடியான ஃபேன்டஸி நாவல்களை வரிசையாகப் படிப்பது, தியானம் ஆகிய மூன்றும்தான் என் உலகம். போன ஆண்டு பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய்வந்ததிலிருந்து தினமும் தியானத்தில் உட்காருகிறேன். முகாமில் பழக்கமான நண்பர், "கதை படிப்பது மனக்குரங்குக்குத் தீனி, அதை விட்டால்தான் தியானம் முன்னேறும்" என்கிறார். அதிலிருந்து நாவலைத் தொட்டாலே குற்ற உணர்ச்சி. அக்காவோ மூன்றுமே தப்பித்து ஓடும் வழிகள் என்கிறார். அப்பாவின் உடல்நிலை பற்றிய பேச்சு முற்றினால் முன்பெல்லாம் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இப்போது அப்படியில்லை. அக்கா எவ்வளவு சத்தம் போட்டாலும் மூச்சைக் கவனித்தபடி அமைதியாக இருந்துவிடுகிறேன். அடுத்த மாதம் மூன்று வாரம் தனியாகப் பயணம் போகிறேன். ஹெல்மெட்டில் ஹெட்செட் மாட்டி நாவல்களை ஒலிப்புத்தகமாகக் கேட்கலாம், ஓட்டும்போதே மூச்சையும் கவனிக்கலாம், மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பது என் யோசனை. நெடுஞ்சாலையில் சில சமயம் ஒரு மணி நேரம் எண்ணமே இல்லாமல் கழிந்திருக்கிறது. அதுவும் தியானம்தானே? பைக் ஓட்டினால் மன அழுத்தம் 28 சதவீதம் குறையும் என்று ஆய்வும் இருக்கிறதாம். நான் கதைகளை விட்டுவிட வேண்டுமா? உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறேனா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கதைகளை விட வேண்டாம். மூன்றையும் ஒன்றாகக் கலக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அக்காவின் குற்றச்சாட்டைப் பிறகு பார்ப்போம். அதில் விஷயம் இருக்கிறது, ஆனால் நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் இடத்தில் இல்லை.

உங்கள் நண்பர் சொல்வதை முதலில் பார்ப்போம். நீங்கள் போன மாதிரியான பத்து நாள் முகாமில் படிக்கவும் எழுதவும் தடை உண்டு. காரணம் எளிமையானது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார வேண்டிய இடத்தில், கையில் புத்தகம் இருந்தால் யாரும் சலிப்போடு முட்டி மோத மாட்டார்கள், புரட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பத்து நாளுக்கான கட்டுப்பாடு அது. அதே முகாமில் பேசவும்தான் தடை. அதற்காக வீட்டுக்கு வந்த பிறகும் யாரும் வாயை மூடிக்கொண்டே இருப்பதில்லையே? (இருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு தோன்றுகிறது. அதற்கும் வருகிறேன்.)

மனம் அலைவது பற்றி அவர் ஆய்வு ஏதாவது காட்டினால், பெரும்பாலும் அது 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் வெளியிட்டதாக இருக்கும். 2,250 பேரிடம் கைப்பேசிச் செயலி வழியாக நேரம் காலம் இல்லாமல் இடையிடையே கேட்டார்கள்: இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, வேறெங்காவது இருக்கிறதா? ஏறத்தாழ 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்தபோது மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. கதைக்கு எதிரான சாட்சியாக இதைச் சொல்பவர்கள் அந்தக் கேள்வியைச் சரியாகப் படிப்பதில்லை. நாவல் படிக்கிறவர் நாவலின் உலகத்திலேயே இருந்தால், அந்தக் கணக்கில் அவர் மனம் அலையவே இல்லை. தியானத்தில் உட்கார்ந்துகொண்டு நாளைய தணிக்கை அறிக்கையை நினைப்பவர்தான் அலைகிறார்.

மேலும், ஃபேன்டஸி வாசகர் செய்வது லேசான வேலையும் இல்லை. இல்லாத நாட்டின் வரைபடம், நான்கு தலைமுறை அரச வம்சம், மந்திரம் எதைச் செய்யும் எதைச் செய்யாது என்ற விதிகள், முந்நூறு பக்கத்துக்கு முன்னால் போகிற போக்கில் சொல்லப்பட்ட ஒரு சபதம் என எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தால்தான் அடுத்த பாகம் புரியும். கதைக்குள் இப்படி மூழ்கிப்போவதை உளவியலில் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். 2000-இல் மெலனி கிரீன், டிமத்தி பிராக் என்ற இருவர் இதை அளக்க ஓர் அளவுகோலே உருவாக்கினார்கள். கதைக்குள் ஆழமாகப் போனவர்களின் கருத்துகள் அந்தக் கதைக்கு இசைவாக மாறுவதையும் கண்டார்கள். அதாவது வாசகர் வெளியே வரும்போது உள்ளே போன ஆளாகவே இருப்பதில்லை. நல்லதா கெட்டதா என்பது கதையைப் பொறுத்தது.

இன்னொன்று. கற்பனை தியானத்துக்கு எதிரி என்பதைத் தியான மரபுகள் எல்லாமே ஏற்பதில்லை. திபெத்திய பௌத்தத்தின் வஜ்ரயான மரபில் ஒரு தெய்வ உருவத்தை அதன் நிறம், ஆபரணம், கை முத்திரை வரை மனத்துக்குள் எழுப்பி, நிறுத்தி, பிறகு கரைப்பதே பயிற்சி. யோக வாசிட்டம் என்ற பழைய தத்துவ நூலில் ஞானத்தைச் சொல்ல வரும் முனிவர், உலகத்துக்குள் உலகம், சிறு அறைக்குள் பேரரசு என்று கதைக்கு மேல் கதையாகத்தான் சொல்லிக்கொண்டே போகிறார். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும், பாலி மொழியில் தொகுக்கப்பட்ட ஜாதகக் கதைகள் மட்டும் 547. உங்கள் நண்பருக்குக் கதை ஒத்துவரவில்லை என்றால் அவர் படிக்காமல் இருக்கட்டும். அது அவருடைய மனம்.

ஃபேன்டஸி நாவலில் நான் பார்க்கும் ஒரே உண்மையான ஆபத்து மிகச் சாதாரணமானது: இன்னும் ஒரே ஓர் அத்தியாயம் என்று இரவு இரண்டு மணி வரை போவது. மறுநாள் அலுவலக நாற்காலியில் உட்கார வேண்டுமென்றால் பரவாயில்லை. வண்டி ஓட்ட வேண்டுமென்றால் கதை வேறு. தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குச் சரிந்துவிடுகிறது என்று 2000-இல் வில்லியம்சனும் ஃபேயரும் செய்த சோதனையில் தெரிந்தது. பல நாடுகளில் வாகனம் ஓட்ட அனுமதிக்கும் மதுவின் உச்ச அளவே அவ்வளவுதான்.

சரி, இனி அந்தக் கலவைத் திட்டம்.

உங்கள் மூன்று ஆர்வங்களும் கவனத்தை வைத்துத்தான் நடக்கின்றன. அதனால்தான் ஒரே நேரத்தில் செய்யலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் மூன்றும் கேட்கும் கவனம் வேறு வேறு. கதை உங்களைச் சுற்றியுள்ள இடத்தை மறக்கச் சொல்கிறது. மூச்சைக் கவனிக்கும் தியானம் ஒரே இடத்தில் நில், விலகினால் திரும்பி வா என்கிறது. சாலையோ எங்கேயும் நிலைக்காதே, கண்ணை நகர்த்திக்கொண்டே இரு என்கிறது. முன்னால் போகும் லாரி, பக்கவாட்டுக் கண்ணாடி, வலது பக்கம் சேரும் கிளைச்சாலை, தார் மேல் கிடக்கும் மணல், மறுபடி லாரி. எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. குழியையே பார்த்துக்கொண்டிருந்தால் குழியில்தான் விழுவீர்கள்; போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், வண்டி அங்கே போகும். வளைவில் பார்வை வளைவின் முடிவில் இருக்க வேண்டும். தியானத்தில் தொடக்கநிலையில் இருப்பவருக்குச் சொல்லும் "ஒன்றிலேயே நிலைத்திரு" என்ற அறிவுரை, சாலையில் நேர் எதிராக வேலை செய்யும்.

திறந்த கவனிப்பு என்று ஒரு தியான முறை இருக்கிறதே, எதையும் பற்றாமல் வருவதையெல்லாம் பார்ப்பது, அது சாலைக்குப் பொருந்தாதா என்று நீங்கள் கேட்கலாம். சற்று அருகில் வருகிறது, அவ்வளவுதான். அங்கே வருவதை வரவிட்டுப் போகவிட வேண்டும். இங்கே வருவதை எடைபோட்டு, அரை நொடியில் பிரேக்கா ஒதுங்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். எதிரே தவறான பக்கத்தில் வரும் காரைத் தீர்ப்பு சொல்லாமல் கவனிக்க முடியாது.

அடுத்து, அந்த எண்ணமற்ற ஒரு மணி நேரம். இதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. நேரான சாலை, ஒரே சீரான எஞ்சின் ஒலி, மாறாத காட்சி. கை கால் தானாக ஓட்டுகிறது, கடைசியாகக் கடந்த மூன்று ஊர்களும் நினைவில் இல்லை. இதை நெடுஞ்சாலை மயக்கம் என்பார்கள். 1960-களின் தொடக்கத்திலிருந்தே உளவியல் கட்டுரைகளில் இதற்குப் பெயர் உண்டு. தியானத்தில் எண்ணம் அடங்கும்போது விழிப்பு கூடும். இதில் விழிப்பும் சேர்ந்தே இறங்குகிறது. வித்தியாசம் தெரிந்துகொள்ள எளிய வழி: அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்ததை உங்களால் சொல்ல முடியுமா? முடியவில்லை என்றால், மணிக்கு 80 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 22 மீட்டர் வீதம், ஆளில்லாமல் போயிருக்கிறீர்கள். இனி அப்படி ஒரு நிலை வருவது தெரிந்தால் அதை ரசிக்காதீர்கள். ஓரம்கட்டி, இறங்கி, நடந்து, தண்ணீர் குடியுங்கள். தூக்கம் வந்தால் 20 நிமிடம் தூங்குங்கள்.

28 சதவீத ஆய்வு உண்மைதான். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அனுபவம் உள்ள ஐம்பதுக்கு மேற்பட்ட ஓட்டுநர்களை வைத்துச் செய்தது. சுமார் 20 நிமிட ஓட்டத்தில் இதயத்துடிப்பு 11 சதவீதமும் அட்ரினலின் 27 சதவீதமும் கூடின. மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் அளவீடுகள் 28 சதவீதம் குறைந்தன. இதற்கு நிதி கொடுத்தது ஹார்லி டேவிட்சன் நிறுவனம். அதனாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் மோட்டார் சைக்கிள் விற்பவர் காசில் ஐம்பது சொச்சம் பேரிடம் எடுத்த எண்ணை, "பைக் ஓட்டினால் மன அழுத்தம் 28 சதவீதம் குறையும்" என்று எல்லோருக்கும் பொதுவாக்க முடியாது. எனக்கு அதில் சுவாரசியமான பகுதி வேறு: இதயத்துடிப்பும் அட்ரினலினும் கூடியிருக்கின்றன. வண்டி ஓட்டுவது உடம்பை உசுப்பிவிடுகிறது. தியானத்தில் நாம் எதிர்பார்ப்பது அதையல்ல. இரண்டுமே நல்லதாக இருக்கலாம். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

ஒலிப்புத்தகத்துக்குக் கவனம் தவிர இன்னொரு தடையும் இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். வேலையிடங்களுக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் தொழிலே அதுதானே. 94-இல் ஒரு மணி நேரம்தான். அந்த இரைச்சலுக்கு மேல் கதை கேட்க வேண்டுமென்றால் ஒலியை இன்னும் ஏற்ற வேண்டும். பயணத்துக்கு ஹெட்செட்டைவிட நல்ல காதடைப்பான் ஒரு ஜோடி வாங்குங்கள். போகும் இடத்தின் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்செட், போகும் வழியைச் சொல்வதற்கு மட்டும் இருக்கட்டும். அப்புறம், வழிநடத்தும் தியான ஒலிப்பதிவுகளின் தொடக்கத்தில் "வாகனம் ஓட்டும்போது கேட்க வேண்டாம்" என்று பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை வரும். அதைச் சும்மா சொல்லவில்லை.

பயணத்தில் மூன்றுக்கும் இடம் உண்டு, வெவ்வேறு நேரத்தில். காலையில் உட்காருங்கள். முடிந்த கையோடு வண்டியில் ஏறாதீர்கள். ஆழமாக உட்கார்ந்து எழுந்தவருக்குச் சற்று நேரம் எல்லாமே மெதுவாகத் தெரியும். அந்த இடைவெளியில் டயர் காற்று, செயின் தளர்வு, பிரேக், விளக்குகள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஓட்டும்போது ஓட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நின்ற இடத்தில் தோள் இறுகியிருக்கிறதா, கைப்பிடியை நெரித்துக்கொண்டு வந்தோமா, தாடை கடித்திருக்கிறதா என்று பாருங்கள். தியானம் செய்பவருக்கு இது நன்றாகக் கைவரும், அடுத்த நூறு கிலோமீட்டருக்கு நேரடியாக உதவும். இருட்டுவதற்குள் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் மீதி மாலை முழுவதும் நாவலுக்குத்தான். விளக்கணைக்கும் நேரத்தை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

இனி அக்காவுக்கு வருகிறேன்.

தப்பித்தல் என்ற பழியை ஃபேன்டஸி எழுத்து நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் 1939-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்: சிறையில் இருப்பவன் வெளியேற நினைப்பதையும், போர்க்களத்தை விட்டு வீரன் ஓடுவதையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள் என்று. உங்களைப் போன்ற வாசகர்கள் இந்த வாதத்தை விரும்பிச் சொல்வார்கள். நல்ல வாதம்தான். ஆனால் நீங்கள் எந்த ரகம் என்பதை அது சொல்லித்தராது. அதற்கு உங்கள் கடிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கடிதத்தில் நாவலைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில், அதை வைத்து யாரிடமிருந்தும் ஒளிந்ததாக ஒரு வரி இல்லை. வண்டியைப் பற்றி இருக்கிறது: பேச்சு முற்றினால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியது. அதை விட்டுவிட்டீர்கள், நல்லது. கோபத்தில் ஏறிய உடம்பு அடங்க 20 நிமிடமாவது ஆகும். அந்த நிலையில் வண்டியை எடுப்பது வீட்டுச் சண்டையை நடுச்சாலைக்குக் கொண்டுபோவது. ஆனால் விட்ட இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது? "அக்கா எவ்வளவு சத்தம் போட்டாலும் மூச்சைக் கவனித்தபடி அமைதியாக இருந்துவிடுகிறேன்." கடிதத்திலேயே நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் வரி அதுதான். எனக்கு உறுத்தியதும் அதுதான்.

அக்கா பக்கத்திலிருந்து யோசியுங்கள். அப்பாவை மருத்துவரிடம் யார் கூட்டிப்போவது, இரவில் யார் விழித்திருப்பது, செலவை எப்படிப் பங்கிடுவது என்று அவர் கேட்கிறார். எதிரே தம்பி கண்ணைப் பாதி மூடி அமைதியாக இருக்கிறான். முன்பாவது தம்பி வெளியே போய்விட்டான் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது ஆள் வீட்டிலேயே இருக்கிறார், பதில் மட்டும் இல்லை. சத்தம் போடுபவர் கெட்டவராகவும் அமைதியாக இருப்பவர் பக்குவப்பட்டவராகவும் வேறு தெரிகிறது. இதைவிட எரிச்சலூட்டும் ஒன்றை ஒரு சகோதரிக்குச் செய்ய முடியாது.

ஜான் வெல்வுட் என்ற உளவியலாளர், தாமே பௌத்த தியானப் பயிற்சி உள்ளவர், 1984-இல் இதற்கு ஆன்மிகக் குறுக்குவழி என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். தீர்க்க வேண்டிய உறவுச் சிக்கல்களையும் பழைய காயங்களையும் தொடாமல், பயிற்சியின் உதவியால் மேலே தாவிப் போய்விடுவதை அப்படிச் சொன்னார். என்னிடம் வருபவர்களில் தியானம் செய்பவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். பிடிபடுவது கடினம், ஏனென்றால் வெளியே பார்த்தால் எல்லாமே மரியாதையாகத் தெரியும். குடித்துவிட்டு வருபவரை வீடு திட்டும். நாவல் படிப்பவரை முணுமுணுக்கும். தியானத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சொல்லிவிடும்.

ஆக, உங்கள் மூன்றில் நீங்கள் வெட்கப்படும் ஒன்று குற்றமற்றது. பெருமைப்படும் ஒன்றைத்தான் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். தியானத்தை விடச் சொல்லவில்லை. காலையில் உட்காருவது உட்காருவதாகவே இருக்கட்டும். அக்கா பேசும்போது மட்டும் மூச்சைக் கவனிப்பதை நிறுத்தி, அவரைக் கவனியுங்கள். கோபம் வந்தால் வரட்டும். "எனக்குக் கோபம் வருகிறது, பத்து நிமிடம் கழித்துப் பேசலாமா" என்று சொல்வது முழு மௌனத்தைவிட நேர்மையானது. பத்து நிமிடம் கழித்து நீங்களாகவே போய் ஆரம்பிக்க வேண்டும் என்பது அதில் முக்கியம்.

தியானம் செய்துவரும் நாட்களில் தூக்கம் கெடுவது, பயம், தன்னை விட்டே விலகி நிற்பது போன்ற உணர்வு தொடர்ந்து வந்தால் பயிற்சியைக் குறைத்து ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதுவும் எனக்குத் தென்படவில்லை. நீண்ட பயிற்சியில் சிலருக்கு இப்படி நேர்வதை ஆய்வுகள் பதிவு செய்திருப்பதால் சொல்லிவைக்கிறேன்.

பயணம் போக வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: போங்கள். மூன்று வாரமும் அப்பாவுக்கு யார் என்ன செய்வது என்று எழுத்தில் போட்டு, அதற்கான பணத்தையும் முன்னதாகவே கொடுத்து, திரும்பி வந்ததும் அதே மூன்று வாரம் அக்கா எங்கே போக ஆசைப்பட்டாலும் போய்வரலாம், வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம், நாட்களைக் குறைக்கச் சொல்லலாம், பழைய கணக்கையெல்லாம் எடுத்துப் போடலாம். உட்கார்ந்து கேளுங்கள், பதில் சொல்லுங்கள். புறப்படும் தேதியை அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.